பார்த்தவன் வைத்த பேர்

ஒரகடம் கூட்ரோட்டில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அந்தப் பக்கம் உடம்பு முழுக்கக் கருப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய சோதனைக் கார்கள் அடிக்கடி போகும். சந்தைக்கு இன்னும் வராத மாடல்கள். உருவம் தெரியக்கூடாது என்பதற்காக அப்படி ஒட்டி ஓட்டுகிறார்கள். டீக்கடை மாஸ்டர் அவற்றுக்கு 'வரிக்குதிரை' என்று பேர் வைத்திருக்கிறார். அதில் உட்பிரிவும் உண்டு. உயரமாக இருந்தால் ஒட்டக வரிக்குதிரை. பின்பக்கம் வெட்டினாற்போல இருந்தால் மொட்டை வரிக்குதிரை. "நேத்து ராத்திரி மொட்டை ஒண்ணு போச்சு சார். சத்தமே இல்ல, பேட்டரி வண்டியாதான் இருக்கும்" என்பார். பல நேரம் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அதே வண்டிக்குத் தொழிற்சாலைக்குள்ளே வேறு பேர். நான் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் சில வருஷம் இருந்தவன். எங்களுக்கு வரும் டிராயிங்குகளில் காரின் பேர் இருக்காது, புராஜெக்ட் கோடுதான் இருக்கும். 2015இல் ரெனால்ட் க்விட் என்று ஊருக்குத் தெரியவந்த வண்டிக்கு அதற்கு முன்னால் எக்ஸ்பிஏ என்றுதான் பேர். ஆக ஒரே வண்டிக்கு மூன்று பேர்: செய்கிறவன் வைத்தது, விற்கிறவன் வைத்தது, ரோட்டோரம் நின்று பார்க்கிறவன் வைத்தது.

இந்தக் கட்டுரை மூன்றாவது வகைப் பேரைப் பற்றியது. கார்களுக்கு அல்ல, போர்க்கருவிகளுக்கு வைத்த பேர்கள். நம் தமிழில் ராணுவ விஷயம் எழுதுகிறவர்கள் இந்தப் பேர்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைப் பற்றியது. எழுதுகிறவர்கள் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காரணம் பின்னால் வரும்.

போட்டித் தேர்வுக் கையேடு ஒன்றைப் புரட்டுங்கள். அல்லது ராணுவ யூட்யூப் வீடியோ எதையாவது ஐந்து நிமிடம் கேளுங்கள். "மிக்-21 விமானம் ஃபிஷ்பெட் என்றும் அழைக்கப்படுகிறது." "சுகோய்-30 விமானத்தின் மற்றொரு பெயர் ஃபிளாங்கர்." "டியூ-142, பியர் எனப்படும் கரடி விமானம்." இந்த வாக்கியங்களில் எனக்கு உறுத்துவது அந்த 'அழைக்கப்படுகிறது'. யாரால்? எப்போதிலிருந்து? எதற்காக? தமிழில் செயப்பாட்டு வினை வந்தாலே யாரோ ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே ஒளிந்திருப்பவர் தூரத்தில் பைனாகுலரோடு நிற்கும் ஒரு எதிராளி. அந்தப் பொருளுக்கு அதைச் செய்தவன் என்ன பேர் வைத்தான் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் தானாகவே ஒரு பேர் வைத்தார்.

இதை இழிவாகச் சொல்லவில்லை. அது நேர்மையான வேலை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அடையாளம் சொல்லியாக வேண்டுமே என்று செய்த ஏற்பாடு.

முறையாகத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரில். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் தேதி திருகோணமலையை. அதே 9ஆம் தேதி ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அதை மூழ்கடித்த குண்டுவீச்சு விமானத்தின் ஜப்பானியப் பேர் '99 ரகம்'. அவர்களுடைய அரசாண்டுக் கணக்கில் 2599, அதாவது நம் கணக்கில் 1939. அந்த வருஷத்தின் கடைசி இரண்டு எண்தான் பேர். 2600ஆம் ஆண்டில் வந்தது 'பூஜ்ய ரகம்', உலகம் ஜீரோ என்று அறிந்த விமானம். ஒரே வருஷத்தில் வந்த குண்டுவீச்சு, சண்டை, கடல் விமானம் எல்லாவற்றுக்கும் இதே எண் வரலாம் என்பதால், பார்த்துச் சொல்ல வேண்டிய சிப்பாய்க்கு இது தலைவலி. அந்த 1942லேயே ஆஸ்திரேலியாவில் இருந்த அமெரிக்க விமானப்படை உளவு அதிகாரி ஃபிராங்க் மெக்காய் ஒரு வழி கண்டுபிடித்தார். சண்டை விமானத்துக்கு ஆண் பேர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பேர். ஜீரோ 'ஜீக்' ஆனது. ஹெர்மிஸை மூழ்கடித்த 99 ரகம் 'வால்' ஆனது. மெக்காய் டென்னஸி மாநிலத்துக்காரர். ஜீக், ரூஃப், நேட் எல்லாம் அவர் ஊர்ப்பக்கத்துக் கிராமத்து ஆண் பேர்கள். நம்மூரில் ஒருவர் இந்த வேலையைச் செய்திருந்தால் மாடசாமி, முனியாண்டி என்று வைத்திருப்பார்.

இறக்கை நுனி வெட்டினாற்போல இருந்த ஒரு விமானத்துக்கு அவர் 'ஹேப்' என்று வைத்தார். அமெரிக்க விமானப்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்டின் செல்லப்பேர் அதுதான். தலைவர் ரசிக்கவில்லை. உடனே 'ஹேம்ப்' என்று மாற்றினார்கள். பிறகு பார்த்தால் அது புது விமானமே இல்லை, ஜீரோவிலேயே ஒரு திருத்தம். எங்கள் டீக்கடை மாஸ்டரும் ஒரே மாடலின் இரண்டு டிரிம்மை இரண்டு வண்டியாக எண்ணியது உண்டு.

போர் முடிந்து சோவியத் எதிராளியானபோது இந்த வேலை ஒரு குழுவுக்குப் போனது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, பிறகு ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து. நேட்டோ பேர்கள் என்று நாம் சொல்வது இந்தக் குழு வைத்த பேர்களைத்தான். விதி எளிமையானது. ஆங்கில எஃப் எழுத்தில் தொடங்கினால் சண்டை விமானம், பி என்றால் குண்டுவீச்சு, சி என்றால் சரக்கு, எச் என்றால் ஹெலிகாப்டர். அதற்கு மேல் ஒரு நுணுக்கம்: இறக்கை விமானமாக இருந்தால், ஓரசைச் சொல் புரொப்பெல்லர் விமானத்துக்கு, ஈரசைச் சொல் ஜெட்டுக்கு. நம் விமானப்படையிடம் இருந்தவற்றையே வைத்துச் சரிபார்க்கலாம். ஏஎன்-12 'கப்', ஓரசை, புரொப்பெல்லர். ஏஎன்-32 'கிளைன்', அதுவும் அப்படியே. ஐஎல்-76 'கேன்டிட்', ஈரசை, ஜெட். கரகரக்கும் ரேடியோவில் ஒரே ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். வருவது என்ன, எந்த வேகத்தில் வரும் என்று தெரிந்துவிடும். இவ்வளவு செறிவான பேர் அமைப்பு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆனால் சொல்லின் அர்த்தத்துக்கு இதில் வேலையே இல்லை. பட்டியலிலிருந்து எடுத்த சொல், அவ்வளவுதான். இங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். 'கரடியைப் போல் வலிமை மிக்கது என்பதால் பியர் எனப் பெயர் பெற்றது' என்று எழுதுகிறார்கள். இல்லை. குண்டுவீச்சு என்பதால் பி, புரொப்பெல்லர் என்பதால் ஓரசை, முடிந்தது கதை. அதைக் 'கரடி' என்று மொழிபெயர்த்தவுடன் பேரில் இருந்த இரண்டு செய்தியும் போய்விடுகிறது. எழுத்து மாறிவிட்டது. அசையும் மாறிவிட்டது! கரடி, நிரைநேர், புளிமா. யாப்பிலக்கணப்படி பார்த்தால் அந்த விமானத்தை ஜெட் ஆக்கிவிட்டோம். 'பியர்' என்று அப்படியே விட்டிருந்தால் நிரையசையாக ஓரசையிலேயே நின்றிருக்கும். (சிலர் 'பேர்' என்று எழுதுகிறார்கள். அது பேருக்கே பேராகிவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.) ஃபிஷ்பெட்டை 'மீன் படுக்கை' ஆக்கியவரையும் பார்த்திருக்கிறேன். நீர்மூழ்கிகள் கதை இன்னும் மோசம். அவற்றுக்கு ரேடியோ எழுத்துக்கூட்டும் சொற்களையே வைத்தார்கள்: ஃபாக்ஸ்ட்ராட், சார்லி, கிலோ. 'கிலோ வகை நீர்மூழ்கி' என்று விளக்கம் இல்லாமல் தமிழில் எழுதினால், படிக்கிறவர் எத்தனை கிலோ என்று கேட்கமாட்டாரா?

பார்த்தவன் வைத்த பேர் என்பதற்கு இன்னும் துல்லியமான சாட்சி பீரங்கிகளில் இருக்கிறது. சோவியத் ராணுவம் தன் தானியங்கிப் பீரங்கிகளுக்குப் பூக்களின், பூமரங்களின் பேர் வைத்தது. குவோஸ்திகா என்றால் கார்னேஷன் பூ, அகாத்ஸியா வேல மர இனத்துச் செடி, துல்பான் டூலிப், பியோன் என்று இன்னொரு பூ. வெட்சியும் வஞ்சியும் உழிஞையும் தும்பையும் வாகையும் படித்த நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. (நம் பூக்கள் போரின் கட்டங்களுக்கு, அவர்கள் பூக்கள் கருவிகளுக்கு. இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.) ஆனால் அமெரிக்கர்களின் பதிவேட்டில் குவோஸ்திகா வெறும் எம்1974. அகாத்ஸியா எம்1973. அவை உருவான வருஷம் அல்ல அது. மேற்கத்தியர் கண்ணில் பட்ட வருஷம். வடகொரியாவின் பெரிய பீரங்கி ஒன்றுக்கு, பார்த்த ஊரின் பேரையே வைத்துக் 'கோக்சான்' என்கிறார்கள். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ராமென்ஸ்கோயே என்று ஒரு சோதனை விமானத்தளம். அங்கே செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த புது விமானங்களை ராம்-ஜே, ராம்-கே, ராம்-எல் என்று வரிசைப்படுத்தினார்கள். ராம்-கே பிற்பாடு சுகோய்-27 என்று தெரிந்தது, ராம்-எல் மிக்-29 என்று. ராமாயணத்துக்குச் சம்பந்தமில்லை.

தப்பும் நடக்கும். 1960களில் காஸ்பியன் கடலில் செயற்கைக்கோள் ஒரு ராட்சத உருவத்தைப் படம்பிடித்தது. பாதிக் கப்பல், பாதி விமானம். மேலே 'கேஎம்' என்று இரண்டு எழுத்து. அதை 'காஸ்பியன் பூதம்' என்று படித்தார்கள். ரஷ்ய மொழியில் அது 'கப்பல் மாதிரி' என்பதன் சுருக்கம், அதாவது சோதனை வண்டி. நம்மூர் பாஷையில் சொன்னால் வரிக்குதிரை.

இப்போது என் தப்பு. 2012இல் ஐஎன்எஸ் சக்ரா விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தபோது இந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். ரஷ்யாவிடம் குத்தகைக்கு எடுத்த அணுசக்தி நீர்மூழ்கி, அகூலா வகை. ரஷ்ய நூல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'அகூலா, உலகிலேயே மிகப் பெரிய நீர்மூழ்கி' என்று படித்திருந்தேன். இரண்டையும் சேர்த்து, உலகின் மிகப் பெரிய நீர்மூழ்கி இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று மார் தட்டிவிட்டேன். பத்துப் பேர் பகிர்ந்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால் அகூலா இரண்டு. அகூலா என்றால் ரஷ்ய மொழியில் சுறா. சோவியத்துக்காரர்கள் அந்தப் பேரை வைத்தது 941 என்ற திட்ட எண் கொண்ட, ஏவுகணை சுமக்கும் ராட்சதனுக்கு. அதை நேட்டோ 'டைஃபூன்' என்கிறது. நேட்டோ 'அகூலா' என்று சொல்வது 971ஆம் திட்டத்தை. அதற்கு ரஷ்யர்கள் வைத்த பேர் 'ஷூக்கா-பி'. ஷூக்கா ஒரு நன்னீர் மீன். எழுத்துக்கூட்டும் சொற்கள் ஏறக்குறைய தீர்ந்துபோன பிறகு நேட்டோ ஒரு ரஷ்யச் சொல்லையே எடுத்தது. அது எதிராளி ஏற்கெனவே வேறொன்றுக்கு வைத்த பேராகப் போய்விட்டது. நம்மிடம் வந்தது 971. பெரியவனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எடை.

இதைச் சொல்லித் திருத்தியவர் கடற்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்துக்காரர். கடிதம் சுருக்கமாக இருந்தது. "தம்பி, நீங்க எழுதினது டைஃபூன். நமக்கு வந்தது அது இல்ல. எந்தப் பேரை யார் வச்சாங்கன்னு பாக்காம எழுதுனா இப்படித்தான் ஆகும்." பிற்பாடு அவரைப் போய்ப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அரக்கோணம் அப்படியொன்றும் தூரமில்லை.

ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் 1992 மார்ச்சில் அங்கே தொடங்கியது. நல்ல தமிழ்ப் பேர். (உச்சிப்புளியில் இருப்பது பருந்து. கடற்படை நம்மூரில் வைத்த பேர்களில் எனக்குக் குறை இல்லை.) கோவாவில் 1988இல் வந்திறங்கிய எட்டு டியூ-142 விமானங்கள் பிறகு ராஜாளிக்கு வந்தன. 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெறும்வரை இங்கேதான் இருந்தன. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டைப் புரொப்பெல்லர். அந்தச் சத்தம் அரக்கோணம் சுற்றுவட்டாரத்தில் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தவர்கள் யாருக்கும் மறக்காது. பள்ளிக்கூடத்தில் பாடம் நிற்கும். அந்த விமானத்தைத்தான் நம் கட்டுரைகள் 'பியர்' என்கின்றன.

"நாங்க ஒரு நாளும் பியர்னு சொன்னதில்ல" என்றார் பெரியவர். "டியூன்னுதான் சொல்லுவோம். ஸ்குவாட்ரன் பேரு ஆல்பட்ராஸ். மேனுவல் எல்லாம் ரஷ்யன்ல. ஸ்பேர் கேட்டு எழுதும்போது பியர்னு எழுதுனா அங்க எவனுக்குப் புரியும்?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு விமர்சனக் கோட்பாடே இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு பேரின் மதிப்பு, அதைச் சொன்னால் என்ன வேலை நடக்கும் என்பதில் இருக்கிறது. பியர் என்று சொன்னால் எதிரியின் ரேடார் அறையில் வேலை நடக்கும். ஸ்டோர் ரூமில் நடக்காது. நாம் அந்த விமானத்தை வைத்திருந்தவர்கள். அதன் போல்ட்டு நட்டுவரை கழற்றிப் பூட்டியவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அப்படியிருக்க, நம் சொந்த விமானத்தைப் பற்றி எழுதும்போது ஏன் வேலிக்கு வெளியே நின்று பைனாகுலரில் பார்க்கிறவனின் பேரை எடுத்தோம்? மிக்-21 கதையும் இதேதான். விமானப்படையில் அதன் எஃப்எல் வகைக்கு 'டைப் 77', பிஸ் வகைக்கு 'டைப் 75' என்றுதான் புழக்கம். சோவியத் தொழிற்சாலைகள் தங்கள் பொருளுக்கு எண் இடும் வழக்கத்திலிருந்து வந்த முறை அது. நம் டிராயிங்கில் எக்ஸ்பிஏ இருந்தது மாதிரி. 1963இலிருந்து 2025 செப்டம்பர்வரை அறுபத்திரண்டு வருஷம் நம்மிடம் பறந்த விமானம். அது விடைபெற்றபோது தமிழில் வந்த குறிப்புகளில் ஃபிஷ்பெட் இருந்தது. டைப் 77ஐ நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வான்பாதுகாப்பு ஏவுகணை எஸ்-125க்கு நம் நாட்டுப் புழக்கத்தில் பெச்சோரா என்று பேர், ரஷ்யாவில் ஓடும் ஒரு நதியின் பேர். ஏற்றுமதிக்காக ரஷ்யர்களே வைத்தது. 2025 மே மாதச் சண்டையின்போது நம் அரசு அறிக்கையிலும் பெச்சோரா என்றே வந்தது. நேட்டோ பட்டியலில் அதற்கு 'கோவா' என்று பேர். இந்தியாவின் ஏவுகணையைக் கோவா என்று எழுதினால் நம் வாசகர் என்ன நினைப்பார் என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் அந்தப் பட்டியலைப் பெயர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் நாமே வைத்த பேர்களை எழுதிவிடலாமா? அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மிக்-21க்கு திரிசூல், மிக்-27க்கு பகதூர், மிக்-29க்கு பாஸ், ஐஎல்-76க்கு கஜராஜ், மிராஜுக்கு வஜ்ரா. விழா மேடையில் வைத்த பேர்கள். சிலது ஒட்டவே இல்லை. திரிசூலை யாரும் திரிசூல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆவடி கதை வேறு. டி-72க்கு அஜேயா, டி-90க்கு பீஷ்மா, இரண்டும் ராணுவத்தில் ஒட்டிக்கொண்டன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் அவை இங்கேயே தயாராவதும் ஒரு காரணமாக இருக்கலாம். கையால் செய்த பொருளுக்கு வைத்த பேர் நிற்கும். ஹெலிகாப்டர்களில் சேத்தக்கும் சீட்டாவும் அப்படித்தான் நின்றன. அவையும் பெங்களூரில் செய்தவை. ஆனால் இந்தப் பேர்களும் ஒன்றை மறைக்கும். பீஷ்மா என்று மட்டும் எழுதினால், டி-90 என்பதே டி-72இன் மேம்பட்ட வடிவம், டி-72பியூ என்றிருந்ததற்கு 1990களின் தொடக்கத்தில் புதுப் பேர் சூட்டினார்கள் என்ற கதை காணாமல் போகும். அஜேயாவும் பீஷ்மாவும் இரண்டு புராணப் பாத்திரங்கள்போல் தனித்தனியே நிற்கும். உண்மையில் அண்ணன் தம்பி.

இதற்கெல்லாம் ஒழுங்கான தீர்வை நான் ஒரு எதிர்பாராத இடத்தில் பார்த்தேன். 1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பசெவும் கையெழுத்திட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தம். அதில் ஒவ்வொரு சோவியத் ஏவுகணைக்கும் முதலில் அதன் சொந்தப் பேர் வருகிறது. ஆர்எஸ்டி-10 என்று சொல்லிவிட்டு, அமெரிக்காவுக்கு இது எஸ்எஸ்-20 என்று தெரியும் என்று சேர்க்கிறார்கள். அமெரிக்க ஏவுகணைகளுக்கு, சோவியத் ஒன்றியத்துக்கும் இவை இதே பேரில் தெரியும் என்று வருகிறது. யாருக்குத் தெரியும், யார் சொல்வது என்பது பேரோடு சேர்ந்தே வருகிறது. ஒரு 'அழைக்கப்படுகிறது' கிடையாது. அதற்கு முன்பு, முதல் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சில் சோவியத் தரப்பினர் தங்கள் ஏவுகணைகளுக்கே அமெரிக்கர் வைத்த பேரைச் சொல்லித்தான் பேசினார்கள். தங்கள் குழுவில் இருந்த சிவிலியன்களுக்குச் சொந்தப் பேர்களும் விவரங்களும் தெரியக்கூடாது என்பதில் அவர்கள் ராணுவத்துக்கு அவ்வளவு அக்கறை. அந்த நிலையிலிருந்து இந்த வாக்கியத்துக்கு வர அவர்களுக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இதுவரை சொன்னதெல்லாம் அரசுகள் வைத்த பேர்கள். பட்டியலில் வராத ஒரு பேர்க்கூட்டம் தமிழிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அதே தவறைச் செய்யும்.

இலங்கை விமானப்படை 1996இல் இஸ்ரேலிடமிருந்து கிபிர் ஜெட்டுகளை வாங்கியது. வன்னியில் அதற்குப் பிறகு ஜெட் என்றாலே கிபிர்தான். 2000இல் மிக்-27 வந்த பிறகும், கீழே இருந்த சனங்களுக்கு அதுவும் கிபிர். "கிபிர் அடிச்சது" என்பது ஒரு முழு வாக்கியம். ஹீப்ரூவில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி என்பது அங்கே யாருக்கும் தேவைப்படாத தகவல். ஆளில்லா வேவு விமானத்துக்கு அவர்கள் வைத்த பேர் 'வண்டு'. இரைச்சலை வைத்து வைத்த பேர். வண்டு சுற்றினால் பின்னாலேயே ஷெல்லோ கிபிரோ வரக்கூடும், பங்கருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். எந்த நாடு செய்தது, மாடல் எண் என்ன என்பதெல்லாம் அதில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. ஒற்றைச் சொல், காதில் விழுந்தவுடன் கால் நகர வேண்டும். மெக்காயும் பின்னால் வந்த குழுவும் பல விதி போட்டுச் செய்ததை அந்தச் சனங்கள் விதியே இல்லாமல் செய்தார்கள். அவர்கள் கையில் ரேடியோவும் இல்லை.

எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை செய்த ஒரு தம்பி. அகதி முகாமில் வளர்ந்தவன். வல்லம் வடகாலில் சிப்காட் விண்வெளிப் பூங்கா, ட்ரோன் சோதனை மையம் என்று பேச்சு வந்தபோது எங்களில் பலருக்கும் ஒரு பெருமிதம். ஒருநாள் இங்கே யாரோ கல்யாண வீடியோவுக்காக ட்ரோன் பறக்கவிட்டிருக்கிறார்கள். அவனுடைய அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் "வண்டு" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாராம். துணி பாதி வாளியிலேயே கிடந்திருக்கிறது. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாங்கள் சிரிக்கவில்லை.

ஃபிஷ்பெட், ஃபாக்ஸ்பேட், ஃபுல்க்ரம் என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் தமிழ்க் கையேடு எதிலும் வண்டு இல்லை. தமிழில் சொந்தமாகப் பிறந்த அடையாளப் பேர் அது. உயிரோடு சம்பந்தப்பட்ட பேர். அதைத் தொகுக்க ஆள் இல்லாமல், எங்கோ ஆங்கிலத்தில் பட்டியலிலிருந்து எடுத்த சொல்லுக்கு நாம் உவமை விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஈழத்தவர் எழுதிய போர்க்கால நினைவுக்குறிப்புகளில் இப்படிப்பட்ட பேர்கள் சிதறிக் கிடக்கின்றன. யாராவது ஒரு ஆய்வு மாணவர் உட்கார்ந்து, எந்தப் பேர், எந்த ஊரில், எந்த வருஷத்தில், எந்தச் சத்தத்துக்கு என்று குறித்து வைத்தால் அந்தத் தொகுப்பை நான் முதல் ஆளாக வாங்குவேன். பேர் வைத்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

என்னால் முடிந்ததாக, 2012 குறிப்பைப் போன வாரம் திருத்தினேன். பழையதை அழிக்கவில்லை, கோடு போட்டு அடித்து அப்படியே விட்டிருக்கிறேன். கீழே புது வாக்கியம்: 'ரஷ்யர்கள் 971ஆம் திட்டம், ஷூக்கா-பி என்றும், நேட்டோ நாடுகள் அகூலா என்றும் சொல்லும் வகையைச் சேர்ந்த இந்த நீர்மூழ்கியை நம் கடற்படை சக்ரா என்ற பேரில் 2012 முதல் 2021 வரை வைத்திருந்தது.' ஒப்பந்த பாணியில் எழுதிவிட்டேன் என்ற திருப்தியோடு அரக்கோணம் பெரியவருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"இப்ப சரி தம்பி. ஆனா நெர்பாவை விட்டுட்டீங்க. நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்தப் படகுக்கு அதான் சொந்தப் பேரு. 2008ல சோதனை ஓட்டத்துல அதுக்குள்ளேயே இருபது பேர் செத்தாங்க. அவங்க வீட்டுல நெர்பான்னுதான் சொல்லுவாங்க."

சேர்த்துவிட்டேன்.